வைணு பாப்புவும் மேற்கோள் கணக்கும்

செஞ்சியிலிருந்து வடமேற்காக நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டரில், சவ்வாது மலைமேல், காவலூர் வந்துவிடும். சாலையில் போகிறவர்கள் திருவண்ணாமலை வழியாகச் சுற்றிக்கொண்டு மலையேற வேண்டும். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்கும் அது நிற்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கு அது தொலைநோக்கியின் பெயர். உலகத்து வானியலாளர்களுக்கோ அது ஒரு கட்டுரையின் பெயர். 1957இல் ஆலின் வில்சனும் பாப்புவும் சேர்ந்து வெளியிட்ட அந்தக் கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் 'வில்சன்–பாப்பு விளைவு'.

ஒரே மனிதருக்கு இரண்டு புகழ். ஒன்றை எண்ணிக் காட்டலாம்: எத்தனை கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின என்று கணினி நொடியில் சொல்லிவிடும். மற்றதை எண்ண வழியே இல்லை. இன்று பல்கலைக்கழகப் பணி நியமனத்திலிருந்து தேசியத் தரவரிசைப் பட்டியல் வரை மேற்கோள் எண்ணிக்கை புகுந்துவிட்டது. ஓர் ஆய்வாளரின் வாழ்க்கையில் எது இந்த எண்ணுக்குள் அகப்படுகிறது, எது நழுவுகிறது என்று பார்க்கப் பாப்புவைப் போல் பொருத்தமான ஆள் நம்மிடையே வேறொருவர் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். அதைப் புரிந்துகொள்ளாமல் அதன் புகழைப் பேசுவதில் பயன் இல்லை.

வானில் மங்கலாகத் தெரியும் ஒரு விண்மீன் உண்மையிலேயே மங்கலானதா, அல்லது பிரகாசமானது தொலைவில் இருப்பதால் அப்படித் தெரிகிறதா? பக்கத்து வீட்டு அகல்விளக்கும் அடுத்த ஊர்த் திருவிழா விளக்கும் இருட்டில் ஒன்றுபோலத் தெரியலாம். தூரம் தெரிந்தால் உண்மையான ஒளிர்வு தெரியும்; உண்மையான ஒளிர்வு தெரிந்தால் தூரம் தெரியும். இரண்டும் தெரியாவிட்டால் சிக்கல்.

தூரத்தை நேரடியாக அளக்க ஒரு வழி இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகில் உள்ள விண்மீன் பின்னணியில் உள்ளவற்றோடு ஒப்பிட மிக மிகச் சிறிதளவு இடம் மாறித் தெரியும். 1838இல் ஜெர்மானியர் பெசல் இந்த இடமாறு தோற்றத்தை 61 சிக்னி என்ற விண்மீனுக்கு அளந்தார். அது 11 ஒளியாண்டுக்குச் சற்று மேல் தள்ளியிருக்கிறது. அடுத்த ஆண்டு ஹெண்டர்சன், நன்னம்பிக்கை முனையில் எடுத்த அளவுகளைக் கொண்டு ஆல்ஃபா செண்டாரிக்குத் தூரம் சொன்னார். நம் அகலக்கோட்டில் மே மாத முன்னிரவில் தெற்கு அடிவானத்துக்கு மேல் 17 பாகை உயரம் வரை ஏறி வரும் விண்மீன் அது. செஞ்சிக் குன்றுகளின் மேலிருந்து நன்றாகத் தெரியும்.

முறை நல்லது, எல்லை குறுகியது. 1950களில் தரையிலிருந்து எடுத்த ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு அளந்தால், 100 ஒளியாண்டுத் தூரத்திலேயே பிழை மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். அதற்கு அப்பால் நம்ப முடியாது. செந்நிறப் பெருமீன்களுக்கு இது இன்னும் கடினம். அவை எண்ணிக்கையில் குறைவு, நம் பக்கத்தில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கின்றன. நாம் சுவாதி என்று சொல்லும் விண்மீன் அவற்றில் ஒன்று, 37 ஒளியாண்டு. ஆகவே தூரத்தைச் சுற்றுவழியில் கண்டுபிடிக்கும் முறைகளுக்கு அந்தக் காலத்தில் பெரும் பசி இருந்தது.

வில்சனும் பாப்புவும் கண்ட வழி நிறமாலை வழி. சூரியனையும் அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களையும் நிறமாலையாகப் பிரித்தால், ஊதாப் பகுதியில் கால்சியம் உண்டாக்கும் இரண்டு அகன்ற கரிய பட்டைகள் தெரியும். அவற்றுக்கு எச், கே என்று பெயர். கே கோடு 3933.7 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருக்கிறது. அந்தக் கரிய பட்டையின் நட்ட நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று எழும். விண்மீனின் மேற்பரப்புக்கு மேலே உள்ள நிறமண்டலம் என்னும் மெல்லிய அடுக்கிலிருந்து வரும் ஒளி அது. இந்தக் கீற்றின் அகலத்தை அளந்தார்கள். 185 விண்மீன்கள். எல்லாம் ஜி வகையும் அதற்கும் குளிர்ந்த வகைகளும்.

முடிவு யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு எளிமையாக இருந்தது. விண்மீன் எவ்வளவு ஒளிர்கிறதோ அதற்கேற்பக் கீற்று அகலமாகிறது. கீற்று பளிச்சென்று இருந்தாலும் மங்கலாக இருந்தாலும், விண்மீன் மஞ்சளாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும், அகலம் ஒளிர்வை மட்டுமே பின்பற்றியது. அகலத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏறத்தாழ ஒத்து ஒளிர்வு கூடியது. அதாவது கீற்று இரண்டு மடங்கு அகன்றால் விண்மீன் 64 மடங்கு ஒளிர்வானது. பத்து மடங்கு அகன்றால் பத்து லட்சம் மடங்கு. சிறு குள்ள மீனிலிருந்து மாபெரும் மீன் வரை, 15 பொலிவெண் வீச்சுக்கு (விண்மீன் ஒளியை அளக்கும் படிகளே பொலிவெண்), ஒரே நேர்கோடு. இயற்கை இவ்வளவு நீளத்துக்கு நேர்கோடு போட்டுக் கொடுப்பது அபூர்வம்.

அளவுகோல் கிடைத்தால் போதாது, அதற்கு முத்திரை போட வேண்டும். 1959இல் வில்சன் அதற்கு இரண்டு முனைகளைப் பிடித்தார். ஒரு முனை சூரியன். மறு முனை ரிஷப ராசியில் ரோகிணிக்குப் பின்னால், 150 ஒளியாண்டுத் தூரத்தில், வி வடிவில் கிடக்கும் ஹயாடீஸ் கூட்டத்தின் பெருமீன்கள். தூரம் நன்றாகத் தெரிந்தவை இவைதான். அருகில் உள்ளவற்றைக் கொண்டு தொலைவில் உள்ளவற்றை அளப்பது வானியலின் பழைய வழக்கம். அருகில் பிழை செய்தால் அந்தப் பிழை தொலைவு வரை போகும் என்பதும் அதே அளவுக்குப் பழைய செய்தி.

இந்தக் கட்டுரைக்கு பாப்பு எப்படி வந்து சேர்ந்தார்? 1927 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். பூர்வீகம் தலச்சேரி. தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பிள்ளை தொலைநோக்கியைச் சுற்றி வளர்ந்தது. நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே மாறொளிர் விண்மீன்களைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949இல் ஹார்வர்டு போனார். போன சில மாதங்களிலேயே, அந்த ஜூலையில், ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்மீனைக் கண்டார். அது பாப்பு–பாக்–நியூகர்க் என்ற பெயரில் பதிவானது. பசிபிக் வானியல் கழகம் பதக்கம் கொடுத்தது. 1952இல் முனைவர் பட்டம். அதன்பின் கார்னகி ஆய்வு உதவித்தொகை. அன்று உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் இருந்த மவுண்ட் வில்சன், பாலோமர் ஆய்வகங்களுக்குள் நுழைவு.

அங்கே வில்சன் இருந்தார். குளிர்ந்த விண்மீன்களின் கே கோட்டு நிறமாலைத் தகடுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவர் அவர். கீற்றின் அகலத்தை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்து அளந்தார்கள். அதற்கு அவர்கள் நம்பியது பழகிய கண்ணைத்தான். 1953இல் பாப்பு ஊர் திரும்பினார். கட்டுரை நான்கு ஆண்டு கழித்து 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. வெளிவரும்போது பாப்புவுக்கு முப்பது முடியவில்லை. அவர் அப்போது அங்கே இல்லை. உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தை வாராணசியிலிருந்து நைனிதாலுக்குக் கொண்டுபோய் நிறுவும் வேலையில் இருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் மிக அதிகமாகப் பேசப்பட்ட வேலை, வேறொரு நாட்டின் தொலைநோக்கியில், ஒரு குறுகிய காலத்தில் நடந்தது. வில்சன் முதல் ஆசிரியர், பாப்பு இரண்டாவது. அதற்குப் பின்னான இருபத்தைந்து ஆண்டு உழைப்பு ஒரு பக்கமும் அந்த ஒரு கட்டுரை மறு பக்கமுமாக நிறுத்தினால், மேற்கோள் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணுகிறவர்கள் வந்த கதை

கட்டுரை வெளியான காலத்தில் மேற்கோள்களை யாரும் முறையாக எண்ணவில்லை. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் அப்படி ஓர் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். 1964இல் பிலடெல்பியாவிலிருந்து அதை வெளியிடத் தொடங்கினார். ஒரு கருத்து பின்னாளில் எங்கெல்லாம் போயிற்று, யார் அதை மறுத்தார், யார் வளர்த்தார் என்று தேடிப் போவதற்கான கருவி அது. நூலகத் தேவைக்காகப் பிறந்தது. ஆட்களை எடைபோடும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் எச் குறியீட்டைச் சொன்னதும் அந்த வேலை இன்னும் சுலபமாயிற்று: ஒருவருக்கு எச் எண் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன. ஓர் ஆளுக்கு ஓர் எண். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

1957 கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் ஒரே காரணத்துக்காகக் காட்டவில்லை. தூரம் தெரியாத பெருமீன்களுக்கு ஒளிர்வு கண்டுபிடிக்க அதைக் கையில் எடுத்தவர்கள் ஒரு சாரார். அவர்களுக்கு அது கருவி. இன்னொரு சாரார், இந்த நேர்கோடு ஏன் வருகிறது என்று கேட்டார்கள். நிறமண்டலத்தில் வாயு கொந்தளிப்பதால் கோடு அகலமாகிறதா, அல்லது விண்மீனின் ஈர்ப்பு விசைக்கேற்ப அங்கே அடுக்கின் கனம் மாறுவதாலா? இந்த விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. பாப்புவே அதில் கலந்துகொண்டார், அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. கோடைக்கானலில் 1904 முதல் சூரியனைக் கால்சியம் கே கோட்டு ஒளியில் படம் எடுத்து வருகிறார்கள். 1971இல் பாப்புவும் கே.ஆர். சிவராமனும், சூரிய முகத்தில் தெரியும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளே அந்தக் கீற்றின் அகலத்தைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார்கள். மற்ற விண்மீன்கள் வெறும் புள்ளிகள். அவற்றின் மேற்பரப்பைப் பார்க்க முடியாது. மிக அருகில் உள்ள விண்மீனை மட்டும்தான் முகம் பார்த்துப் படிக்கலாம். அந்த விண்மீன் சூரியன். அமெரிக்காவில் தொடங்கிய கேள்விக்குப் பழனி மலையில் விடை தேடியது எனக்கு அவருடைய ஆய்வு வாழ்க்கையின் அழகான இடமாகப் படுகிறது.

மூன்றாவது சாரார் அளவுகோலைத் திருத்தினார்கள். 1989 முதல் 1993 வரை ஐரோப்பிய விண்கலம் ஹிப்பார்க்கோஸ் விண்வெளியிலிருந்தே இடமாறு தோற்றத்தை அளந்தது. 1997இல் 1,18,218 விண்மீன்களின் பட்டியல் வெளிவந்தது. அருகில் உள்ள விண்மீன்களின் தூரம் முதன்முறையாக நம்பும்படி கிடைத்ததும், பழைய அளவுகோலைச் சரிபார்க்க வழி பிறந்தது. 1999இல் வாலர்ஸ்டைன் குழுவினர், 2003இல் பாச்சே, பாஸ்குவினி, ஓர்த்தோலானி ஆகியோர் புதிய சமன்பாடுகளைத் தந்தார்கள். பின்னவர்கள் கணக்கில் ஆறாம் அடுக்கு ஏழுக்கும் சற்று மேலே ஏறியது. கீற்று இரண்டு மடங்கானால் 64 மடங்கு ஒளிர்வு என்றிருந்தது 147 ஆகிவிட்டது. தனியொரு விண்மீனுக்கு எதிர்பார்க்க வேண்டிய பிழை 0.6 பொலிவெண் என்றும் கண்டார்கள். தூரத்தில் அது 30 விழுக்காட்டுக்கும் மேல். அருகில் உள்ள தனி விண்மீன்களுக்கு இனி இந்த முறை வேண்டாம், விண்மீன் கூட்டங்களுக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் முடிவு.

2013 டிசம்பரில் கையா விண்கலம் ஏறியது. 2022இல் வெளியான அதன் மூன்றாம் தரவுத் தொகுப்பில் 140 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு இடமாறு தோற்ற அளவு இருக்கிறது. 100 ஒளியாண்டுத் தூரத்து விண்மீனுக்கு இன்று பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டது. தூரம் அளக்கும் வேலையிலிருந்து வில்சன்–பாப்பு விளைவு கௌரவமாக ஓய்வு பெற்றுவிட்டது என்றே சொல்லலாம்.

கே கோடு ஓயவில்லை. வில்சன் 1966இல் மவுண்ட் வில்சனில் அருகில் உள்ள சூரியன் போன்ற விண்மீன்களின் எச், கே கோடுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். சூரியனுக்குப் பதினோராண்டுச் சுழற்சி இருப்பதுபோல் மற்றவற்றுக்கும் உண்டா என்பது கேள்வி. 1978இல் 91 விண்மீன்களைப் பற்றி எழுதினார். பலவற்றில் சுழற்சி இருந்தது. இன்று வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிறவர்கள் முதலில் இந்தக் கோடுகளைத்தான் பார்க்கிறார்கள். விண்மீனே கொந்தளித்தால், இல்லாத கோள் இருப்பதுபோல் தோன்றும். பத்தரை ஒளியாண்டில் இருக்கும் எப்சிலான் எரிடானி அப்படிக் கொந்தளிக்கும் மீன். அந்தக் கோள் ஆய்வுக் கட்டுரைகளில் வில்சனின் பிற்காலக் கட்டுரைகளைச் சுட்டுவார்கள். 1957 கட்டுரையைச் சுட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. வேர் ஒன்று, கணக்கு வேறு.

கணக்கிலும் ஒரு நம்மூர்ச் சிக்கல் இருக்கிறது. அவர் முழுப் பெயர் மணலி கல்லட் வைணு பாப்பு. மேலைநாட்டு அட்டவணைகளுக்குக் குடும்பப் பெயர் எது என்று தெரிய வேண்டும். சில இடங்களில் 'எம்.கே.வி. பாப்பு' என்று பதிவானார். 1957 கட்டுரை உள்படச் சிலவற்றில் 'எம்.கே. வைணு பாப்பு' என்று பதிவானார். ஒரே ஆள் இரண்டு வரிசையில் நிற்கிறார். தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் தமிழர்களுக்கு இந்த அவதி நன்றாகத் தெரியும். பாப்புவின் புகழுக்கு இதனால் குறைவு வரவில்லை. வேலைக்கு மனுப்போடும் இளைஞருக்கு வரும்.

சென்னையின் பழைய கணக்குகள்

மேற்கோளையும் பயனையும் ஒன்றாக எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சென்னை வானாய்வகத்தின் பழைய ஏடுகளிலேயே சாட்சி இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த ஆய்வகம் அது.

அங்கே இயக்குநராக இருந்த கேப்டன் டபிள்யூ.எஸ். ஜேக்கப் 1855இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 70 ஓஃபியூச்சி என்பது இரட்டை விண்மீன்; 16 ஒளியாண்டுக்குச் சற்று மேல்; அதாவது மிக அருகில். அதன் சுற்றுப்பாதை கணக்குக்கு ஒத்துவராமல் பிசகியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்பது மிகவும் சாத்தியம் என்றார் ஜேக்கப். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் உண்டு என்று அளவுகளை வைத்துச் சொல்லப்பட்ட மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று நுங்கம்பாக்கத்திலிருந்து போயிருக்கிறது! 1896இல் அமெரிக்கர் சீ அதே மீனுக்கு இருண்ட துணை உண்டு என்று மறுபடியும் கிளப்பினார். அப்படிப்பட்ட அமைப்பு நிலைத்திருக்காது என்று 1899இல் மோல்டன் காட்டினார். கூற்று தவறு. ஆனால் புறக்கோள் ஆய்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றுவரை ஜேக்கப்பைச் சுட்டுகிறார்கள். அவர் பிழைதான் அவர் பெயரைக் காப்பாற்றியது. எண்ணிக்கைக்குச் சரி தவறு தெரியாது.

நார்மன் பொக்சன் கதை இதற்கு நேர் எதிர். 1861இல் சென்னைக்கு வந்து 1891இல் இங்கேயே இறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோதே, 1856இல், விண்மீன்களின் பொலிவெண்ணுக்கு ஒரு திட்டம் சொன்னார்: ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு. இன்று உலகில் எந்த விண்மீனைப் பற்றி எழுதினாலும் அந்த அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேலே நான் '15 பொலிவெண் வீச்சு' என்று எழுதினேனே, அது பொக்சன் போட்ட கணக்கு. அவர் கட்டுரையைச் சுட்டுகிறவர்கள் மிகக் குறைவு. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டால் அதன் மூலத்தைச் சுட்டும் பழக்கம் மறைந்துபோகும். முழு வெற்றி அடைந்தவன் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறான்.

பொக்சனுக்குக் கீழே முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டார். 1872இல் அரச வானியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட முதல் இந்தியர் ஆனார். அவர் செய்த அன்றாட வேலை, இரவுக்கு இரவு விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறித்து வைப்பது. அது சென்னை விண்மீன் பட்டியலில் எண்களாகக் கரைந்து கிடக்கிறது. எந்த எச் குறியீட்டாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

எண்ணில் வராத இருபது ஆண்டுகள்

பாப்புவுக்குத் திரும்புவோம். 1960இல் முப்பத்திரண்டு வயதில் கோடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அப்போது அது வானிலைத் துறையின் கீழ் இருந்தது. சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவில் விண்மீன் பார்க்க மேகமும் மூடுபனியும் விடாது. நல்ல இரவு வானத்துக்கு வேறிடம் தேடினார். தென்கோடி வானமும் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சமும் கூடாது. கடைசியில் தேர்ந்தெடுத்தது காவலூர்: 725 மீட்டர் உயரம், சந்தன மரக் காடு, வடக்கு அகலக்கோடு 12 பாகை 34 கலை. ஐரோப்பியக் கண்ணுக்கு எட்டாத தெற்கு மீன்கள் இங்கிருந்து தெரியும். மழைக்காலங்கள் போக, ஜனவரியிலிருந்து மே வரைதான் நல்ல பருவம். அது தெரிந்துதான் வந்தார்.

1968இல் கோடைக்கானல் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூனில் வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றதைக் காவலூரில் பதிவு செய்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்பதற்கு அதில் தடயம் இருந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது ஒளி எதிர்பாராமல் ஒரு கணம் மங்கியது. காவலூரில் பார்த்தவர்கள் யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்று முதலில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு, வளையங்கள் என்று சொன்னது. கண்டுபிடித்த பெருமை அங்கே போயிற்று. அந்த ஆண்டுக்குள்ளேயே ஜே.சி. பட்டாச்சார்யாவும் பாப்புவும் சனியைப் போன்ற வளைய அமைப்பு என்று அதே இதழில் விரிவாக எழுதினார்கள். தரவு இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு சொல்லில் வரலாறு பிரிந்தது.

1971இல் கோடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து விடுபட்டு, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. அதன் தலைமையிடம் பெங்களூருக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வாங்காமல் ஒரு பெரிய தொலைநோக்கியை நாமே வடிவமைத்துச் செய்துவிட வேண்டும் என்பது பாப்புவின் பிடிவாதம். கண்ணாடி வார்ப்பு மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது, 2.34 மீட்டர் ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் நிறுவனத்தின் பட்டறையிலேயே நடந்தது. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு பிசகினாலும் படம் கெடும். ஆண்டுக்கணக்கான பொறுமை கேட்கும் வேலை அது. இந்த வேலைக்கு மேற்கோள் என்ன? ஏதாவது ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'தொலைநோக்கியைப் பயன்படுத்த அனுமதித்தமைக்கு நன்றி' என்று ஒரு வரி வரலாம். அந்த வரியை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை.

1979இல் பாப்பு அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வானார். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டு பாட்ராஸ் நகரில் நடந்த பேரவையில் அவர் தலைமை ஏற்றிருக்க வேண்டும். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மியூனிக்கில் ஆகஸ்ட் 19ஆம் நாள் இறந்தார். வயது 55. பெரிய தொலைநோக்கியில் அவர் ஓர் இரவும் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து அவர் பெயரைச் சூட்டினார். இரண்டே ஆண்டில், 1988 பிப்ரவரியில், காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். அது 4130 ராமானுஜன் என்று பெயர் பெற்றது. பாப்புவின் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு, எண் 2596.

மேற்கோள் கணக்கு பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. எண்ணிக்கை இல்லாத காலத்தில் நம் நிறுவனங்களில் தகுதி எப்படி அளக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். சிபாரிசுக் கடிதத்தைவிட எண் மேல் என்று நினைத்தவர்கள் வெறும் மூடர்கள் அல்லர். 1957 கட்டுரை பெற்ற கவனம் பொய்யான கவனமும் அல்ல. நாற்பது ஆண்டு கழித்தும் அதைச் சரிபார்க்க விண்கலத் தரவோடு ஆட்கள் வந்தார்கள் என்றால், அது அந்த வேலையின் தரத்துக்குச் சான்று. அட்டவணை அதைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் அட்டவணை ஒரு கருத்து போன பாதையைக் காட்டும். ஓர் ஆள் விட்டுச்சென்ற இடத்தைக் காட்டாது. காவலூரில் பழகி, நிறமாலை எடுக்கக் கற்று, முனைவர் பட்டம் வாங்கி வெளியேறியவர்களின் கட்டுரைகள் அவரவர் கணக்கில் ஏறின. அவர்களுக்கு இடமும் கருவியும் உண்டாக்கியவர் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

இன்றைய அளவுகோலை வைத்து, 1960களின் பிற்பகுதியில் பாப்புவின் பணியை ஒரு குழு மதிப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருக்கும்? 'சிறப்பான தொடக்கம்; அண்மைக் காலத்தில் தாக்கம் மிக்க வெளியீடு குறைவு; நிர்வாகப் பணியில் நேரம் செலவாகிறது.' இப்படித்தான் எழுதியிருப்பார்கள். அந்த ஆண்டுகளில்தான் அவர் சவ்வாது மலையில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர்களின் கோப்பைப் புரட்டும் குழுக்களில் உட்காரும் பேராசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில், இவர் கட்டிய கருவி எது, அதில் வேலை செய்தவர்கள் யார் என்று இன்னும் ஒரு பத்தி சேருங்கள்.

பாப்புவைப் பொறுத்தவரை என் முடிவு இது. வில்சனோடு எழுதிய கட்டுரை அவருடைய இரண்டாவது பெரிய வேலை, முதலாவது காவலூர்.